கவலையில் யாரை நிறுத்துவது: சிக்னலையா, ஆளையா?

எங்கள் மலையில் நாலு ரோடு கூடுகிற இடத்தைக் கவலை என்போம். மலையாளத்துக் 'கவல'தான் தமிழ் வாயில் இப்படி ஆகிவிட்டது என்று கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வழி கவர்த்துப் பிரிகிற இடத்துக்குப் பழந்தமிழிலும் கவலை என்ற பெயர் உண்டு. அகராதியைப் புரட்டினால் கிடைக்கும். எது எப்படியோ, கார்த்திகை பிறந்து முதல் சபரிமலைச் சாமி வண்டி வந்துவிட்டால் எங்களுக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றுதான்.

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் இடையில், கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலை 183 மேல் இருக்கிறது எங்கள் கவலை. ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தப் பாதையில் போனவர்களுக்கு இதே மாதிரி மூன்று நான்கு ஞாபகத்துக்கு வரும். ஒரு கை குமுளிக்கு, ஒரு கை வண்டிப்பெரியாற்றுக்கு. மூன்றாவது செங்குத்தாக ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகிறது. நான்காவது பள்ளிக்கூடம், சந்தை, தேயிலைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்று கீழே இறங்குகிறது. காலையில் கூடலூர், கம்பம் பக்கமிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக வரும். அவை மேலே திரும்புகிற அதே நேரத்தில்தான் பிள்ளைகள் கீழே பள்ளிக்குப் போவார்கள். பத்து மணிக்கு மேல் கவலையின் நடுவில் நாய் படுத்துத் தூங்கும். மாலை நாலு மணிக்குக் கொழுந்து லாரியும் ஜீப்பும் பள்ளிப் பேருந்தும் சேர்ந்து அதை எழுப்பிவிடும்.

சீசன் தொடங்குவதற்கு முன் பஞ்சாயத்தின் டிராபிக் கமிட்டிக்கு வியாபாரிகள் சார்பில் ஒரு கருத்து எழுதித் தரவேண்டும். சிக்னல் வேண்டுமா, ஆள் வேண்டுமா, நடுவில் வட்டம் போடலாமா, ஒருவழியாக்கிவிடலாமா? அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதத் தெரிந்தவன் என்பதால் அல்ல. என் பலசரக்குக் கடை அந்த முக்கிலேயே இருக்கிறது, பதினெட்டு வருஷமாக எல்லா இடியையும் முதலில் கேட்பவன் நான்தான். கமிட்டிக்குக் கொடுப்பதற்கு முன் ஊரார் படித்துத் திட்டட்டும் என்று இதை விரித்து எழுதுகிறேன்.

முதலில் போன தை மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகரவிளக்கு முடிந்து கூட்டம் திரும்பிய இரவு. போலீஸ்காரர்கள் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். நம் பையன்கள் இரண்டு பேர் தாங்களாகவே இறங்கி வண்டிகளை ஒழுங்குபடுத்தினார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், இன்னொருவர் சுமட்டுத் தொழிலாளி. ஒருவர் மேலே தோட்டத்து வாயில், ஒருவர் கீழே என் கடைப் பக்கம். மேலே நின்றவர் இறங்கி வந்த ஜீப்பை 'வா வா' என்றார். அதே நொடியில் கீழே நின்றவர் வண்டிப்பெரியாற்றுப் பக்கமிருந்து வந்த வேனை 'வா வா' என்றார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், இரண்டு ராத்திரி தூங்காமல் நின்றவர்கள். வேனின் முகப்பு நசுங்கியது. நல்லவேளை, உள்ளே இருந்த சாமிகளுக்குக் காயம் பெரிதாக இல்லை. ஆந்திராவிலிருந்து வந்த அந்த டிரைவர் கோபப்படக்கூட இல்லை. அரைத் தமிழில் கேட்டார்: "அண்ணா, இங்க எந்தக் கையைப் பாக்கணும்?"

அதற்குப் பிறகுதான் ஊரில் எல்லோரும் சிக்னல், சிக்னல் என்று பேச ஆரம்பித்தார்கள். கையை நம்பிக் கெட்டோம், இனி விளக்கை நம்புவோம் என்கிற எண்ணம். அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்னலின் நல்ல குணம், அதற்குத் தூக்கம் வராது, சலிப்பு வராது, மாமன் மச்சான் வண்டிக்கு முன்வழி விடாது. மூடுபனியில் ஒரு மனிதனின் கை இருபது அடியில் மறைந்துவிடும், எல்.இ.டி. சிவப்பு அதைத் தாண்டியும் தெரியும். அதனால் சிக்னல் கேட்பவர்களை விவரமில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சிக்னல் எங்கே வைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1985-இல் வெளியிட்ட 93ஆம் எண் வழிகாட்டி அதைச் சொல்கிறது. எங்களைப் போல ஒவ்வொரு பக்கமிருந்தும் ஒரே தடமாக வண்டி வரும் சாலைகள் கூடும் இடத்தில், பெரிய சாலையில் இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்கு 650 வண்டி, குறுக்குச் சாலையில் ஒரு பக்கத்திலிருந்து மணிக்கு 200 வண்டி வர வேண்டும். அதுவும் ஒரு மணி நேரம் அல்ல, ஒரு சாதாரண நாளில் எட்டு மணி நேரத்துக்கு. விபத்துகளின் எண்ணிக்கை, நடந்து கடப்பவர்களின் கூட்டம் என்று வேறு அளவுகோல்களும் உண்டு. ஆனால் வண்டிக் கணக்குதான் முதல் படி. பள்ளி முடித்த நாலு பிள்ளைகளை ஒரு புதன்கிழமையும் ஒரு சனிக்கிழமையும் என் கடைத் திண்ணையில் உட்காரவைத்து, பதினைந்து நிமிடக் கட்டங்களாக எண்ணச் சொன்னேன். வடையும் டீயும் என் செலவு. காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் சாலை நிரம்பி வழிந்தது. மீதி நேரம் அந்த அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அதாவது நாளின் பெரும்பகுதியில், எதிரே ஒரு வண்டியும் இல்லாத சிவப்பு விளக்கில் நம் ஜீப் டிரைவர்கள் நிற்க வேண்டியிருக்கும். நிற்பார்களா? இரண்டு வாரம் நிற்பார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சிவப்பு என்பது அலங்காரம். அப்படிப் பழகிய கண்ணுக்கு, நெரிசல் நேரத்திலும் அது அலங்காரமாகத்தான் தெரியும். ஒரு சிக்னலின் மரியாதை தேவையில்லாத நேரத்தில்தான் கெடுகிறது என்பது என் துணிபு. நெரிசல் இல்லாத நேரத்தில் மஞ்சள் விளக்கை மட்டும் மினுக்கவிடலாம் என்பார்கள். விடலாம்தான். அந்த நேரத்தை யார் பார்த்து மாற்றிவைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு விடலாம்.

அப்புறம் ஏற்றம். கணக்குப் புத்தகத்தில் இல்லாத விஷயம் இது, நம் கவலையில் மட்டும் இருப்பது. பாரம் ஏற்றிய கொழுந்து லாரி கீழ் ரோட்டிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும். உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது சிவப்பு விழுந்தால் அது நிற்கவேண்டும், நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்பவேண்டும். கிளம்பும்போது ஒரு முழம் பின்னால் உருளும். பின்னால் ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தகப்பன் நிற்பார். மேலிருந்து தோட்டத்து ரோட்டில் இறங்கும் ஜீப்பின் கதை வேறு; கியரில் பிடித்துப் பிடித்து வந்து பிரேக் சூடேறி இருக்கும், சடாரென்று நிறுத்தச் சொல்வது ஆபத்து. மலைச் சாலையில் இடம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சாலை விதியிலேயே இருக்கிறது. நேரம் குறித்து வைத்த விளக்குக்கு ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. லாரி முக்குகிற சத்தத்தைக் கேட்டே "இவனை நிறுத்தக்கூடாது" என்று முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன், அலுப்பாக இருந்தால் தாண்டிவிடுங்கள். ஒரு பக்கத்தை நிறுத்தி இன்னொரு பக்கத்தைக் கிளப்பும்போதெல்லாம் மூன்று நான்கு வினாடி யாருக்கும் பயன்படாமல் போகும். நாலு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பச்சை கொடுத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 16 வினாடி வீண். சுற்று 60 வினாடி என்றால் நேரத்தில் கால் பங்குக்கு மேல் காற்றில் போகிறது. சுற்றை 120 வினாடியாக நீட்டினால் வீண் நூற்றுக்கு 13 ஆகக் குறையும்; பதிலுக்கு ஒவ்வொருவரும் ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும். கையிலும் இந்த வீண் உண்டு, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் சந்தைப் பக்கம் ஆளே இல்லை என்றால் கை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடும். சென்சார் வைத்த சிக்னலும் அதைச் செய்யும். அதற்கான பணமும், பழுது பார்க்க ஆளும் நம் பஞ்சாயத்துக்கு எங்கிருந்து வரும்? துலா (ஐப்பசி) மாதத்து இடியில் என் கடை ஃப்ரிட்ஜே இரண்டு தடவை போயிருக்கிறது.

சரி, கைக்கு வருவோம்.

சிக்னல் என்பதே கையின் நகல்தான். 1868 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றத்தின் பக்கத்தில் நட்ட முதல் போக்குவரத்து சிக்னலுக்கு, ரயில் கைகாட்டி மாதிரி கைகள்தான் இருந்தன. குறுக்கே நீட்டினால் நில், கீழே சாய்த்தால் பார்த்துப் போ. ராத்திரிக்குச் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்கு. அதையும் ஒரு போலீஸ்காரர்தான் நின்று இயக்கினார். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து அவருக்குக் காயம், திட்டத்தைக் கைவிட்டார்கள். பூட்டான் தலைநகர் திம்புவில் இன்றைக்கும் சிக்னல் விளக்கு இல்லை. ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, மக்களுக்குப் பிடிக்காமல் எடுத்துவிட்டார்கள். நடுச் சந்திப்பில் சித்திர வேலை செய்த ஒரு கூண்டுக்குள் நின்று போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையோடு வண்டிகளை அனுப்புகிறார். கை என்பது சிக்னல் வாங்க வக்கில்லாதவர்களின் மாற்று வழி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்திலும் கைக்கு நல்ல இடம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, மின் சிக்னலுக்கும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ் அதிகாரிக்கும் டிரைவர் கட்டுப்பட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. சாலைப் போக்குவரத்து பற்றிய 1968 வியன்னா ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டும் முரண்பட்டால் அதிகாரியின் கைதான் செல்லும் என்கிறது. விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அவர் வா என்றால் போகலாம், போக வேண்டும்.

இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது 'போலீஸ் அதிகாரி' என்ற சொல். நம் ஆட்டோத் தம்பியின் கைக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் 'வா' என்றதை நம்பி வந்து இடித்தால், காப்பீட்டுக்காரர் முன் அந்தக் கை எங்கே நிற்கும்? நல்ல மனசோடு இறங்கியவர் வழக்கில் சாட்சியாகவோ, அதைவிட மோசமாகவோ அலைய வேண்டியிருக்கும். போன தையில் அதெல்லாம் நடக்காமல் போனது அந்த ஆந்திரக்காரரின் பெருந்தன்மை. எனவே 'நம் பையன்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று கூட்டத்தில் சிலர் சொன்ன யோசனையை நான் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். அவர்கள் உதவலாம்: கயிறு பிடிக்கலாம், நடப்பவர்களைச் சேர்த்து நிறுத்தலாம், வழி சொல்லலாம். கவலையின் நடுவில் நிற்கக்கூடாது. பள்ளியின் ஸ்டூடண்ட் போலீஸ் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். 2010-இல் கேரளத்தில் தொடங்கிய நல்ல திட்டம் அது, அந்தச் சீருடையில் என் தங்கை மகளும் நடந்திருக்கிறாள். பிள்ளைகள் வரிக்கோட்டின் ஓரத்தில் நிற்கட்டும், லாரியின் முன்னால் வேண்டாம்.

அப்படியானால் யாருடைய கை? எனக்குத் தெரிந்து நமக்குக் கிடைக்கக்கூடியது ஹோம் கார்டு. தமிழ்நாட்டு ஊர்க்காவல் படையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே வருகிற இளைஞர்கள் நிறைய. இங்கே கேரளத்தில் பெரும்பாலும் ராணுவத்திலிருந்தோ போலீசிலிருந்தோ ஓய்வுபெற்றவர்களைத்தான் ஹோம் கார்டாக எடுக்கிறார்கள். கட்டளையிட்டுப் பழகிய குரல், வெயில் மழை பார்த்த உடம்பு. ஆனால் வயதும் ஆகியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. போன வருஷம் மூன்று வாரம் நம் கவலையில் அப்படி ஒருவர் நின்றார். பட்டாளத்து மனுஷன், மலையாளி. தமிழ் பேசினால் தலையாட்டுவார், பதில் மலையாளத்தில் வரும். கைக்குப் பாஷை தேவைப்படவில்லை. கர்நாடகத்து வண்டியும் ராமநாதபுரத்து வண்டியும் அவர் உள்ளங்கைக்கு ஒரே மாதிரி நின்றன.

அவர் செய்ததைத் திண்ணையிலிருந்து பார்த்து நான் கற்றுக்கொண்டது நிறைய. முன்னால் வருவதை நிறுத்த வலக்கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவார். பின்னாலிருந்து வருவதை நிறுத்த இடக்கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டுவார். ஒரு கை நிறுத்தியதை அப்படியே வைத்துக்கொண்டுதான் மறு கை அடுத்த பக்கத்தைக் கூப்பிடும். விரலை ஆட்டி 'வா வா' என்பதெல்லாம் கிடையாது. முதல் வண்டிக்காரரின் கண்ணைப் பார்த்த பிறகே கை இறங்கும். நம் பையன்கள் வண்டியைப் பார்த்தார்கள், அவர் டிரைவரைப் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவரிடம் நான் மிகவும் வியந்தது, போகிற வாய் அடைத்திருந்தால் வருகிற வாயைத் திறக்கமாட்டார். குமுளிப் பக்கம் பேருந்து நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தால், வண்டிப்பெரியாற்றுக்காரர்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அந்த வலக்கை அசையாது. கவலையின் நடுச் சதுரம் எப்போதும் காலியாகவே இருக்கும். ஒரு நாள் சந்தைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தக் காலி இடம்தான் அதற்கு வழியானது. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்தில் வந்துவிட்டது. ஆனால் முன்னும் பின்னும் வண்டி நெருக்கி நிற்கும்போது அபராதத்துக்குப் பயந்தவனும் எங்கே ஒதுங்குவான்? பச்சை விளக்கு, எதிர் வாய் அடைத்திருந்தாலும் பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். நிரம்பின குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

கையின் குறைகளையும் மறைக்கவில்லை. அவருக்கே ஒரு பழக்கம் இருந்தது: தன் கண்ணுக்கு எதிரே தெரிகிற நீண்ட வரிசையை முழுக்க அனுப்பிவிட்டுத்தான் மறுபக்கம் திரும்புவார். வளைவுக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாமல் தோட்டத்து ஜீப்புகள் அதற்குள் அரை ஃபர்லாங்குக்குச் சேர்ந்துவிடும். நிற்கிற ஆள் எல்லோருக்கும் வரும் கோளாறு இது. மருந்து சுலபம். எந்தப் பக்கத்தையும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்கக்கூடாது என்று ஒரு வரம்பு. வளைவில் ஒரு பையன் பச்சைத் துணியோடு நின்று வரிசை மின்கம்பத்தைத் தாண்டினால் தூக்கிக் காட்ட வேண்டும். பையன்களுக்கு நான் தருகிற வேலை இதுதான்.

நடப்பவர்களும் விடுபட்டுப் போகிறார்கள். ஏழு மீட்டர் அகல ரோட்டை, நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கில் எடுக்கும் சாதாரண நடையில் கடக்க ஆறு வினாடி ஆகும். லயத்துப் பாட்டி தலையில் விறகோடு கடக்க அதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் நாலு பக்கத்தையும் நிறுத்தி அவர்களுக்கென்று ஒரு பதினைந்து வினாடி கொடுக்க வேண்டும் என்று நான் கடிதத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். ஜீப் சங்கத்தார் இதற்கு முணுமுணுப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே ரோட்டைத்தான் கடக்கின்றன.

ராத்திரியும் பனியும்தான் கையின் பெரிய எதிரி. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், சிவப்பு எல்.இ.டி. தடி, நிற்கிற இடத்தின் மேல் ஒரு நல்ல விளக்கு, இந்த மூன்றும் இல்லாமல் இருட்டில் ஆளை நிறுத்துவது பாவம். அப்புறம் புகையும் இரைச்சலும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு ஆள் நின்றால் கை தளர்கிறது, தளர்ந்த கை 'நில்' என்கிறதா 'வா' என்கிறதா என்று தெரியாது. ஆகவே ஒருவர் என்று கேட்கக்கூடாது, மாறி மாறி நிற்க இரண்டு பேர் கேட்க வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் நடுவில் ஒருவர்தான். மற்றவர் அப்போது ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும், விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

வட்டம் போடும் யோசனையை மருந்துக்கடைத் தம்பி ரொம்ப ஆசையாகச் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது: மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், நடு ராத்திரியிலும் தானாக வேலை செய்யும், வேகமும் குறையும். சாலைக் காங்கிரஸின் பழைய ரவுண்டானா வழிகாட்டி, மணிக்கு 500 முதல் 3,000 வண்டி வரை வரும் சந்திப்புக்கு அது பொருந்தும் என்கிறது. எங்கள் நெரிசல் நேரம் அதற்குள் அடங்கும். ஆனால் வட்டத்துக்கு இடம் வேண்டும். ஒரு பக்கம் மண்ணை வெட்ட வேண்டும், மறுபக்கம் என் கடையை. (என் கடை என்பதால் சொல்லவில்லை என்றால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்: அதனாலும்தான்.) சரிவில் போட்ட வட்டத்தைச் சுற்றும்போது பாரம் ஏற்றிய லாரி ஒரு பக்கமாகச் சாயும். தேசிய நெடுஞ்சாலை என்பதால் பஞ்சாயத்து தன் இஷ்டத்துக்கு ஒரு கல்லைக்கூட நட முடியாது. மாறாக, அனுமதி வாங்கி, கோடைக் காலத்தில் மணல் மூட்டையும் பழைய டயரும் அடுக்கி ஒரு சின்ன வட்டம் போட்டு இரண்டு வாரம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேருந்து திரும்புகிறதா, வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றுகிற வண்டிக்கு வெளியிலிருந்து வருபவர் வழிவிடுகிறாரா என்று தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை எனக்கு இப்போதே தெரியும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒருவழிப் பாதை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சீசனில் கூட்டம் ஏறும்போது சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாக அனுப்பி, திரும்பும்போது குமுளி வழியாக இறக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. எங்களுக்கு வருவது திரும்புகிற வெள்ளம் மட்டும்தான், அது பாதிச் சுமை குறைந்த மாதிரி. ஆனால் அதைத் தேனி, இடுக்கி இரண்டு மாவட்டத்தாரும் பேசி முடிவு செய்ய வேண்டும். எங்கள் கமிட்டி கையில் இல்லை. ஊருக்குள்ளேயே சந்தை ரோட்டை ஒருவழியாக்கலாம் என்றால், பள்ளிக்கு வேறு ரோடு கிடையாது. முடிந்தது.

சித்திரை பௌர்ணமிக்குக் குமுளி போலீஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் வருஷத்துக்கு ஒரே நாள் திறக்கிறது. அந்த ஒரு நாளைக்காகக் குமுளியில் யாரும் சிக்னலை நட்டு வைக்க மாட்டார்கள். ஆளை இறக்குகிறார்கள், ஜீப்புகளை வரிசையில் விடுகிறார்கள், சாயங்காலம் ஆளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் கவலையின் நோயும் அந்த ஜாதிதான், தினம் மூன்றரை மணி நேரமும் வருஷத்தில் இரண்டு மாதமும் வருகிற நோய்.

ஆகவே கடிதத்தில் நான் எழுதியிருப்பது இது. காலை ஏழு முதல் எட்டரை, மாலை நாலு முதல் ஆறு, ஹோம் கார்டு கை. விருச்சிகம் (கார்த்திகை) ஒன்றாம் தேதியிலிருந்து மகரவிளக்கு முடிந்து கூட்டம் வடிகிறவரை இரவு முழுவதும், மாறி மாறி நிற்க நான்கு பேர். நடுவில் ஒரு அடி உயரத்துக்கு நிற்க ஒரு மேடை, அனுமதி கிடைத்தால் சிமென்ட், கிடைக்காவிட்டால் தூக்கி வைக்கிற மரமேடை. மேலே விளக்கு. கவலையிலிருந்து பேருந்து நிறுத்தத்தை ஐம்பது மீட்டர் தள்ளுவது. இதற்கு யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை, நாலு கடைக்காரர்களின் கோபத்தைத் தாங்கினால் போதும். சிக்னல் இப்போது வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து மறுபடி பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைப்போம். எட்டு மணி நேரமும் 650 தாண்டினால், நானே முதல் ஆளாகச் சிக்னல் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அப்போதும் நெரிசல் நேரத்தில் பெட்டியைத் திறந்து போலீஸ்காரர் கையால் மாற்றுகிற வசதியுள்ள சிக்னலாகக் கேட்பேன்.

கடிதத்தை முடிப்பதற்கு முன் அந்தப் பட்டாளத்துக்காரரை வண்டிப்பெரியாற்றில் போய்ப் பார்த்தேன். "சாரே, இதில் என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டேன். கடிதத்தை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார். மேடை சரி, விளக்கு சரி, தடி சரி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, ராத்திரி எட்டு மணி நேரம் நிற்பவன் ஒன்றுக்குப் போக எங்கே போவான் என்று எழுதவில்லையே என்றார். போன வருஷம் மூன்று வாரமும் சாயங்காலத்துக்கு மேல் அவர் தண்ணீரே குடிக்கவில்லையாம். அடுத்த தடவை பெண் போலீஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டார். என் கடைக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது. சாவியை ஷட்டருக்கு வெளியே, மழை படாத இடத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.